எலி கடித்த கேக்

கறக்... கறக்...

விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தகரத்தை யாரோ சுரண்டுவது போல. பாப்பாவை மார்போடு அணைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எலிதான். கிறிஸ்மஸ் கேக்கின் ஓரத்தைக் கடித்த அதே எலி.

எட்டிப் பார்த்தால் மாமியார். பரணிலிருந்து இறக்கிய மூன்று கேக் டின்களையும் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எட்வின் கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கு. பழத்தை நாளைக்கே ஊறப்போட்டுடு. மூணு அடுக்கு. வர முடியாதவங்க வீட்டுக்கெல்லாம் அனுப்ப முந்நூறு பொட்டலம். உன் கான்வென்ட் கை மடிச்சாத்தான் பட்டர் பேப்பர்ல சுருக்கம் விழாது."

"சரிங்கத்தை."

எட்வின் என் கொழுந்தன். கேக், இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர். ஐந்து மாதக் குழந்தையோடு முடியவில்லை என்றால், 'நாங்க பிள்ளை பெத்துக்கலையா' என்று வரும்.

அலுப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பயம் வேறு.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், ஓவனில் கேக்கை வைத்துவிட்டு, பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். கண் விழித்தபோது மடி காலி. பதறி ஓடினால், பாப்பா தொட்டிலில் தூங்குகிறாள். ஓவன் அணைந்திருக்கிறது. கேக் மேசைமேல். ஓரத்தில் ஒரு விள்ளல் காணோம்.

எலி என்று அத்தை அந்தப் பக்கத்தை வெட்டி எறிந்தார். சரி. வீட்டில் அப்போது வேறு யாருமில்லை. அப்படியென்றால் பாப்பாவைத் தூக்கிப்போய்த் தொட்டிலில் போட்டது நான்தானே? துளிகூட ஞாபகமில்லை. தூக்கத்தில் தொட்டிலில் போட்ட கை, இன்னொரு நாள் வேறெங்காவது போட்டால்?

யாரிடமும் சொல்லவில்லை, வெளிநாட்டில் இருக்கும் கணவரிடம்கூட. அன்றிலிருந்து என் அறைக் கதவை மூடுவதே இல்லை. நான் ஏதாவது செய்தால் யாராவது பார்க்க வேண்டுமே. திறந்த கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். தூக்கம் எங்கே வரும்?

ஞாயிற்றுக்கிழமை, எட்வினுக்குப் பார்த்திருந்த பெண் தமிழ்நிலா கோடம்பாக்கத்திலிருந்து வந்தாள். உட்கார்ந்ததும் சொன்னாள்.

"கேக் வேணாம் அத்தை. எனக்குக் கேக்கே பிடிக்காது. ராயப்பேட்டையில ஷரஃபுதீன் பாய்கிட்ட தம்ரூட் சொல்லிட்டேன். ரவை, கோவா போட்டுச் சுடுறது. அதையே வெட்டிக்கலாம்."

மாமியார் கையில் காபி அப்படியே நின்றது.

"நம்ம வீட்டுக் கல்யாணத்துல கேக் இல்லாம இருந்ததில்லம்மா. மூத்த மருமக அவ்வளவு நல்லா செய்வா."

"வெட்டப்போறது நான்தானே அத்தை."

எட்வின் மின்விசிறியைப் பார்த்தான்.

அவள் வாசல் தாண்டியதும் அத்தை ஆரம்பித்தார். "இன்னும் தாலி ஏறலை. அதுக்குள்ள வாயைப் பாரு."

நானும் தலையாட்டினேன். வேலை மிச்சம் என்று சந்தோஷப்படத் தோன்றவில்லை. என் கேக்கில் அப்படி என்ன குறை கண்டாள் இவள்? இருந்த ஒரு பெயரும் போயிற்று.

மந்தைவெளி பங்குக் கோயில் மண்டபத்தில் வரவேற்பு. நடுமேசையில் ஒரு பெரிய தாம்பாளம் தம்ரூட். மேலே முந்திரியால் இரண்டு பேரின் பெயர்.

"இன்னா எட்வினு, உப்புமாவுக்கு ரிப்பன் கட்டி வச்சிக்கிற?" என்றார் பெரியப்பா.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தமிழ்நிலாவும் சிரித்துக்கொண்டே வெட்டினாள். அத்தை மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மணப்பெண் அறைக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். புடவையில் பின் கழன்றுவிட்டதாம். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். பின் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது.

"சும்மாதான் கூப்பிட்டேன். உட்காருங்கக்கா. இத்தனை நாள்ல கொஞ்சம் தூங்கியிருப்பீங்கன்னு பார்த்தா, கண்ணு ரெண்டும் உள்ள போய்க் கிடக்கு."

அந்தக் கரிசனம் எனக்கு எரிச்சலாக இருந்தது. "என் கேக் என்ன பாவம் பண்ணுச்சு நிலா?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், அத்தைகிட்ட புடவைக் கலர் கேக்க வந்தேன். வாசக்கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. அத்தை கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணப் போயிருந்தாங்க போல. நீங்க உட்கார்ந்தபடியே தூங்குறீங்க, பாப்பா மடியிலிருந்து சரியுறா. தூக்கித் தொட்டில்ல போட்டேன். கேக்கை வெளிய எடுத்துட்டு ஓவனை அணைச்சேன்."

"நீயா?"

"எழுப்ப மனசு வரலைக்கா. சத்தமில்லாமப் போயிட்டேன். அத்தைக்குத் தெரிஞ்சா உங்களைத்தானே பேசுவாங்க, அதான் வாயைத் திறக்கலை. இப்ப மூணு அடுக்கு, முந்நூறு பொட்டலம்னு எட்வின் சொன்னாரு. திமிர் பிடிச்சவன்னு என்னைச் சொல்லிட்டுப் போகட்டுமே."

அது நான் இல்லை. என் கை இல்லை.

வெளியே யாரோ "பொண்ணு எங்கேப்பா?" என்று கூப்பிட்டார்கள். அவள் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்களுக்குத் தலைவலின்னு சொல்லிடறேன், தூங்குங்க." வாசலில் நின்று திரும்பினாள். "கேக் பிடிக்காதுன்னு சொன்னேனே, அது பொய். எட்வின் சொன்ன அந்த எலி நான்தான்."

பாப்பாவை ஜமக்காளத்தில் கிடத்தினேன். பக்கத்தில் படுக்கப் போனவள், எழுந்துபோய்க் கதவை உள்ளே தாழ் போட்டேன்.