இரண்டாவது படம்

பாறையில் விழுந்தாலும் உடையாது, தண்ணீரில் கிடந்தாலும் கெடாது என்று இருதயராஜ் மலிவு விலையில் வாங்கிய கேமரா அது. டைமர் வைத்துவிட்டால் இரண்டு விநாடிக்கு ஒன்றாக மூன்று படங்கள் எடுக்கும். மலை விளிம்பில் அது எங்களை எடுத்த மூன்று படங்களையும் அவன் மனைவி லூர்துமேரி மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் படத்தில் நாங்கள் நான்கு பேர், அவன் ஓரத்தில் நிற்கிறான். அடுத்த இரண்டிலும் அவன் இல்லை. நாங்கள் மூவரும் கேமராவைப் பார்த்து அப்படியே சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

"விழும்போது அவர் கத்தலையாண்ணே?"

"காத்து அப்படிம்மா. ஒண்ணுமே கேக்கல" என்றேன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

அவள் கேமராவை டிவி மேல் வைத்தாள். "அன்னைக்கு நின்ன மாதிரியே கொஞ்சம் நில்லுங்கண்ணே."

எப்படி மறுப்பது? சமையலறைக்கு முதுகு காட்டி வரிசையாக நின்றோம். ஓரத்தில் அவனுக்கும் இடம் விட்டோம். அவள் டைமரை அழுத்திவிட்டு எங்களைக் கடந்து உள்ளே போனாள். முதல் படம் எடுத்த சத்தம் கேட்டது. உடனே பின்னால் ஏதோ தரையில் விழுந்து உருண்டது.

மூன்றாவது படமும் முடிந்த பிறகு அவள் வந்து கேமராவை எடுத்தாள். இரண்டாவது படத்தில் எங்கள் முகமே இல்லை. மூன்று பின்னந்தலைகள்தான் இருந்தன.

"ஒரு டம்ளருக்கு மூணு பேரும் திரும்பிட்டீங்களே அண்ணே" என்றாள்.