ஐந்து வருடப் பயணப் பட்டியல்

வாழ்க்கை திறந்த புத்தகமாக இருக்க வேண்டும் என்பது விற்பனை மேலாளரின் கொள்கை. நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்துக்காக மனைவி அந்தப் புத்தகத்தைத் திறந்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"அஞ்சு வருஷத்துல இந்த நாட்டை விட்டு வெளிய போன தேதியெல்லாம் கேக்குறாங்க. நீங்க ஆபீஸ் வேலையா நாலு தடவை போனீங்கல்ல? டைரில குறிச்சு வச்சிருக்கேன்."

"அதெல்லாம் சின்னப் பயணம்மா, விட்டுடு."

"விடுறதா? ஒரு நாள் மறைச்சாலும் மூட்டை முடிச்சோட அனுப்பிடுவாங்களாம்." பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். "என்னங்க, அந்தத் தேதிகள்ல ஒரு முத்திரையக்கூடக் காணோம்?"

"அவசரத்துல குத்த மறந்திருப்பான்."

"நாலு தடவையுமா? இருங்க, குடியேற்ற ஆபீஸ்லயே கேட்டுடறேன்."

மேலாளர் பாய்ந்து போனைப் பிடுங்கினார். "வேண்டாம்! நான் எங்கயும் போகலை. இங்கதான் இருந்தேன்."

"யாரு அவ?"

"ஐயோ, ஒருத்தியும் இல்லடி!" பழைய ஷூவுக்குள்ளிருந்து நான்கு விடுதி ரசீதுகளை எடுத்து நீட்டினார். "ஒத்தை ஆள் ரூம். நாட்டை விட்டுப் போகலைங்கறதுக்கு இதுதான் அத்தாட்சி."

அவள் ரசீதுத் தேதிகளை டைரியோடு ஒத்துப் பார்த்தாள். நான்கும் அவளுடைய அண்ணன் வந்து தங்கி, வீட்டிலுள்ள அத்தனை பேரையும் விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பி உடற்பயிற்சிக்கு ஓடவைத்த வாரங்கள்.

விடுதி பக்கத்துத் தெருவில்தான் இருந்தது.