மக்கு மாமா இறக்கும் சீட்டு

மதிய வெயில் ஜன்னல் வழியே டிவியின் மேல் சாய்ந்து விழுகிறது. பழைய நகைச்சுவைத் தொடரில் மக்கு மாமா வழக்கம்போல மனைவியிடம் சீட்டாட்டத்தில் தோற்கிறார். மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். போன மாதம் கணவனைப் பறிகொடுத்த அம்மா சிரிக்கவில்லை. "கொஞ்சம் பின்னாடி ஓட்டுடி," என்கிறாள். மீண்டும் அதே காட்சி. மாமாவின் கட்டைவிரல் ஜெயிக்கிற சீட்டைத் தொடுகிறது, தயங்குகிறது, நகர்ந்துபோய் உதவாத சீட்டை உருவுகிறது. "பாத்தியா? இவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு." "அந்த மண்டுக்கா? போம்மா!" அம்மாவின் கண் திரையை விட்டு அகலவில்லை. இந்த இடம் வந்தால் அவள் கணவர் திரையைப் பார்க்கமாட்டார், இவள் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பார். அவர்கள் வீட்டில் தினமும் சாப்பிட்டதும் ஓர் ஆட்டம், தோற்றவர் பாத்திரம் தேய்க்க வேண்டும். "உன் மூளை எனக்கு ஏது?" என்றபடி அவர்தான் எழுந்து போவார். "ஏண்டி, உன்கூட ஆடினா அப்பா எப்படி?" "என்னையா? ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க விட்டதில்லம்மா." அம்மா தன் விரல்களை விரித்துப் பார்க்கிறாள். இந்த வயதிலும் அவை சொரசொரப்பில்லாமல் இருக்கின்றன. "படுபாவி மனுஷன்," என்கிறாள், "அத்தனை பாத்திரத்தையும் வேணும்னேதான் தேய்ச்சாரா?"