பட்டப்பகலில் சுபஹுப் பாங்கு

யுத்தம் முடிந்த கிழமை. அடையாள அட்டை கேட்கும் சாவடியில் அன்றைக்கு வெற்றியைக் கொண்டாடிப் பாற்சோறு கொடுத்தார்கள். சாய்ந்தமருது இஸ்மத்துக்கு அது இறங்கவில்லை. இதயக் கோளாறோடு நீலமாகப் பிறந்த மகனை, பிறந்ததும் காதில் சொல்லும் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்வதற்குள் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"ஒட்சிசன் போதாம மூளையும் அடிபட்டிருக்கும் போல. கண் முழிச்சாத்தான் கொழும்புக்கு ஒப்பரேசனுக்கு ஏத்தலாம்," என்றார் டொக்டர்.

மதியம் தாதி கஜேந்தினி இஸ்மத்தையும் மனைவியையும் உள்ளே விட்டாள். அவனை அண்ணன் முறை வைத்தே கூப்பிட்டாள். "மெதுவா ஓதுங்க நானா. இப்பதான் எல்லாப் பிள்ளைகளையும் உறங்க வச்சன்."

இஸ்மத் குனிந்து, மகனின் வலது காதில் முணுமுணுத்தான். பதற்றத்தில், விடியற்காலைப் பாங்குக்கு மட்டுமே உரிய 'தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது' என்ற வரியும் வந்து விழுந்தது.

"என்ன மச்சான், பட்டப்பகல்ல சுபஹுப் பாங்கு?" என்றாள் மனைவி ஸில்மியா. அவன் வெட்கப்பட்டு நிறுத்தினான்.

மகன் கண்ணைத் திறந்திருந்தான். டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அம்புலன்சுக்குச் சொல்லச் சிரித்துக்கொண்டே ஓடினார்.

மற்றப் பெட்டிகளைக் கஜேந்தினிதான் கவனித்தாள். அத்தனை பிள்ளைகளும் விழித்திருந்தன. ஒன்றும் அழவில்லை. எல்லாம் இஸ்மத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நானா," என்றாள், "மிச்சத்தையும் சொல்லி முடிங்க. காத்திருக்குதுகள்."