தந்திக் கம்பி வழக்கின் திரைக்கதை

"சினிமாவுக்குக் கதெ எழுதான் படிக்குந்நது நீயல்லே?" என்று மலையாளத்தில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

நான்தான் என்றேன். 1954-இல், அப்போது மலையாள ராஜ்யத்தோடு இருந்த எங்கள் ஊரில், வேறு யாருக்கும் அந்தப் பைத்தியம் இல்லை.

தினமும் காலையில் பாறசாலையில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போய், ஒரு ஸ்டுடியோவில் திரைக்கதை கற்றுக்கொண்டிருந்தேன். அதாவது, கிருஷ்ணன்குட்டி சார் சிவப்புப் பென்சிலால் அடித்துத் தந்ததை மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். பார்க்கிறவன் நம்ப வேண்டும், அவ்வளவுதான் திரைக்கதை என்பார் அவர். என் கதைகளை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். பக்கத்து வீட்டு செல்லையன் அண்ணன்மேல் போட்ட வழக்கு.

ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போன நாளில், பகல் பதினொரு மணிக்கு, சந்தை முக்கில் கம்பத்தில் ஏறித் தந்திக் கம்பியை வெட்டினான். இறங்கும்போது கான்ஸ்டபிள் பார்த்தார். மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் வழியாக ஓடினான். மறுநாள் வீட்டில் பிடிபட்டான்.

நாலே வரி. ஒரு சொல் அதிகமில்லை. படிக்கிற யாரும் நம்பிவிடுவார்கள். இப்படி எழுதத்தானே இரண்டு வருஷமாகத் திணறிக்கொண்டிருந்தேன்.

மேலிடத்துக்குத்தான் பிடிக்கவில்லை. ராஜ்யத்தைக் கவிழ்க்கப் பெரிய சதி நடக்கிறது, நீர் நாலு வரி எழுதுகிறீரா என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

சாயா வந்தது. பழம்பொரி வந்தது. ஸ்டேஷன் வராந்தாவில் மேஜை போட்டார்கள். நான் எழுத உட்கார்ந்தேன்.

பகலை நடுச்சாமம் ஆக்கினேன். நிலா பாலாய்க் காய்ந்தது. கூடவே மழையும் கொட்டியது. அண்ணனுக்கு முகமூடி மாட்டி, பின்னால் நாற்பது பேரை நிறுத்தி, கையில் வெடிகுண்டைக் கொடுத்தேன். கம்பத்தின் உச்சியில் நின்று இரண்டு பக்கத்துக்குச் செந்தமிழில் முழங்க வைத்தேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மனிதர் எதுகை மோனை பிசகாமல் முழங்கினார். தமிழே தெரியாத கோட்டயத்துக் கான்ஸ்டபிள் கீழே மழையில் நனைந்தபடி அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டே வந்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"எனிக்கு ஒரு சீன் இல்லே?" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

அவரைக் குதிரையில் ஏற்றினேன். எங்கள் பக்கத்தில் யாரும் குதிரையைக் கண்ணால் கண்டதில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் மனைவி புஷ்பபாய் அக்கா, லாக்கப்பில் இருந்த அவருக்குத் தூக்குவாளியில் கஞ்சியோடு படியேறி வந்தாள். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பழம்பொரியைப் பார்த்தாள்.

"எலே கனகதாஸே, ஒனக்க கை அழுவிப் போவும், பாத்துக்க."

நான் குனிந்து, குதிரைக்கு வெள்ளை நிறம் கொடுத்தேன்.

மேலிடம் பாராட்டி இரண்டு வரி எழுதியதாம். வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று.

மஜிஸ்திரேட் முதல் பக்கத்தைப் பொறுத்துக்கொண்டார். இரண்டாம் பக்கத்தில், கொட்டுகிற மழையில் நிலா எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பிறகு கான்ஸ்டபிளைக் கூண்டில் ஏற்றி, அந்தத் தமிழ்ப் பேச்சில் ஒரே ஒரு வரி சொல்லச் சொன்னார். கான்ஸ்டபிள் "அய்யோ" என்றார். அது இரண்டு மொழிக்கும் பொது.

குதிரையை எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டபோது கோர்ட்டே சிரித்தது.

வழக்கு தள்ளுபடி. அண்ணன் விடுதலை. இன்ஸ்பெக்டரைத் தேவிகுளம் மலைக்கு மாற்றினார்கள்.

ஊரில் யாரும் என்னோடு பேசவில்லை. போலீஸுக்குக் கதை எழுதிக் கொடுத்தவன். இல்லை என்று நான் சொல்ல முடியுமா? எழுதினேனே.

விடுதலையான மூன்றாம் நாள், காலை பஸ்ஸில் செல்லையன் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு இரண்டு அறை விழும் என்று எல்லோரும் ஆசையோடு காத்திருந்தார்கள்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"எலே மக்கா, அண்ணைக்குக் கம்பத்துல ஏறும்போ அவுத்து ஒனக்க கையில தந்தேனே, அந்த வேட்டி எங்கலே? எனக்க கல்யாண வேட்டியாக்கும். வீட்டுல அவ கேக்குதா."