எட்வின் நின்ற இடம்

1961 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. வானம் தெளிந்திருந்தது, காற்று இல்லை.

என்னுடன் இங்கிலாந்திலிருந்து கிறிஸ்தவ ஊழியத்திற்கு வந்த எட்வின், ஞாயிறன்று நிலாவெளிக் கடலில் மூழ்கினான். இன்று விடியும் வரை உடல் கிடைக்கவில்லை. கல்லறையற்ற மகனைப் பற்றி அவன் தாய்க்கு நான் எவ்வாறு எழுதுவேன் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாள்தோறும் நாங்கள் மீனவருடன் கடலில் வளைத்த கரைவலையைக் கயிற்றால் கரைக்கு இழுத்த பின்னரே பிரசங்கிப்போம். இன்று காலை தனியே சென்றேன். எல்லோரும் இடுப்பளவில் பிடித்திருந்த கயிறு, எட்வின் வழக்கமாக நிற்கும் வெற்றிடத்தில் மட்டும் எவரும் பிடிக்காமலே தோளளவுக்கு உயர்ந்திருந்தது.

"தோளில போடாதேங்கோ எண்டு எத்தனை தரம் சொன்னனான். பைபிள் படிச்ச ஆளுக்கு இது மட்டும் விளங்காது," என்றார் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வல்லிபுரம், அவ்விடத்தைப் பார்த்து. பிறகு என்னிடம், "நீங்கள் அவருக்குப் பின்னால பிடியுங்கோ, ஐயா," என்றார்.

பிடித்தேன்.

வலை கரையேறியது. மீன்களின் நடுவே எட்வின் கிடந்தான். தோளளவில் நின்ற கயிறு மணலில் விழுந்தது. அப்பொழுது காலை ஏழு மணி பத்து நிமிடம்.