ஞானத்தாயின் மாதக் காசு

"அக்கா, மாமி மாசாமாசம் உங்களுக்கு அனுப்பின காசு பென்சனில மிஞ்சினதோ, சேமிப்பில எடுத்ததோ?"

லண்டனிலிருந்து டினோஜன் மொன்றியலில் இருந்த செலீனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டான். அவளுடைய மகள் ஷெரோனின் ஞானத்தாயான திரேஸ் மாமி போன மாதம்தான் லண்டனில் இறந்தார். அவருடைய சொத்துக் கணக்கை முடிக்கும் பொறுப்பு மருமகன் டினோஜனுக்கு.

"ஏன் தம்பி, ஏதும் பிரச்சினையோ?"

"இஞ்ச செத்தவையின்ர சொத்துக்கு வரி இருக்கு. வருமானத்தில மிஞ்சினதை ஒழுங்காக் குடுத்திருந்தா அதுக்கு வரி இல்லை. ஆனா அதால அவவின்ர சீவியத்தில குறை வந்திருக்கக் கூடாது. வந்திருந்தா, அந்தக் காசையும் மாமியின்ர வீட்டோட சேர்த்து வரி கேப்பாங்கள். நீங்களும் கட்ட வேண்டி வரலாம்."

காசு முழுவதும் ஷெரோனின் படிப்புக்குப் போய்விட்டது. ஆனால் செலீனை உலுக்கியது வேறு பயம்.

"மாமி வாயைக் கட்டி வயித்தைக் கட்டியே அனுப்பினவ?"

"இல்லை அக்கா. பென்சன் அவவின்ர செலவுக்கே சரியாப் போச்சு. மொன்றியலில இருந்து ஒராள் மாசாமாசம் போட்ட காசைத்தான் அப்படியே உங்களுக்கு அனுப்பியிருக்கிறா. மாமி பாத்தது தபால்காரி வேலை!"

"ஆர் போட்டது?"

"அருமைராசா எண்டு கிடக்கு."

'உங்கட காசில ஒரு சதமும் வேண்டாம்' என்று மூன்று வருடங்களுக்கு முன் செலீன் வீட்டைவிட்டு அனுப்பிய கணவர்.

"ஆளைத் தெரியுமோ, அக்கா? அது தான் போட்ட காசெண்டு அவர் ஒரு கடிதம் தந்தாரெண்டா என்ர வேலை சுலபம். நம்பர் இருக்கோ?"

செலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கு தம்பி. நான்தான் ப்ளொக் பண்ணி வைச்சிருக்கிறன்."